உள்ளங்கையில் டாஸ், மேசையில் பாம்

பழைய கையடக்கக் கணினி ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "இதில் என்னென்ன ஓடும்?" என்பதுதான். செயலியின் வேகத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. எச்பி 200எல்எக்ஸின் செயலி 7.91 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ்தான். ஆக, வேகம் போதும், மிச்சமும் உண்டு. ஒரு நிரல் ஓடுமா, பாதியில் நின்றுவிடுமா என்பது வேறு மூன்று விஷயங்களில் இருக்கிறது: அது திரையில் எழுதும் முறை, எந்தெந்த விசைகளை எதிர்பார்க்கிறது, நினைவகத்தில் எவ்வளவு இடம் கேட்கிறது. இவற்றில் முதலில் காலை வாருவது திரை. அதனால் திரையிலிருந்தே தொடங்குவோம்.

திரையை யார் எழுதுகிறார்கள்

டாஸ் காலத்து நிரல்கள் திரையில் எழுத்தைக் காட்ட இரண்டு வழிகளைக் கையாண்டன. ஒன்று, பயாஸிடம் சொல்லி எழுத வைப்பது. நல்ல பிள்ளைகளின் வழி இது, ஆனால் மெதுவானது. இன்னொன்று, யாரையும் கேட்காமல் திரைக்கான நினைவகத்தில் நேராக எழுதுவது. சிஜிஏ வகைத் திரையென்றால் பி800 என்ற முகவரியில், எம்டிஏ வகையென்றால் பி000 என்ற முகவரியில். 4.77 மெகாஹெர்ட்ஸ் எந்திரத்தில் பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது வழிதான் கட்டுப்படியாகும். அதனால் புகழ்பெற்ற நிரல்களில் பெரும்பாலானவை நேராகத்தான் எழுதின.

கையடக்கக் கருவியைச் செய்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதில்தான் ஒவ்வொரு கருவியும் வேறுபடுகிறது. 1989-இல் வந்த அடாரி போர்ட்ஃபோலியோவின் திரையில் 8 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். சிறுவன் ஜான் கானர் ஏடிஎம்மில் பணம் எடுக்கப் பயன்படுத்துவானே, டெர்மினேட்டர் 2 படத்தில், அந்தக் கருவிதான். அதனுடைய டாஸ், எம்எஸ் டாஸ் 2.11-க்கு இணையானது, ராம் 128 கிலோபைட். 25 வரியும் 80 எழுத்தும் எதிர்பார்க்கும் நிரலுக்காக அதன் செட்டப்பில் மூன்று காட்சி முறைகள் உண்டு. நார்மல் முறையில் நிரலுக்குக் கிடைப்பது 40க்கு 8 திரை மட்டுமே. ஸ்டாடிக் முறையில் முழு 80க்கு 25 திரை நினைவகத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது அதன் ஒரு மூலை. ஆல்ட் விசையோடு அம்பு விசைகளை அழுத்தி அந்தச் சின்ன ஜன்னலை நகர்த்திக்கொள்ள வேண்டும். டிராக்டு முறையில் கர்சர் போகும் இடத்துக்கு ஜன்னலும் கூடவே போகும். எடிட்டர்களுக்கு டிராக்டு, மெனுக்களால் ஆன நிரல்களுக்கு ஸ்டாடிக் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இன்னொரு அமைப்பையும் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்: ரிஃப்ரெஷ். போர்ட்ஃபோலியோவில் நிரல் நேராக எழுதியது தானாகத் திரைக்கு வராது; பயாஸ் அவ்வப்போது எடுத்துப் போட்டால்தான் வரும். விசையை அழுத்தும்போது போடுவதா, கடிகாரத் துடிப்புக்கு ஒருமுறை போடுவதா, இரண்டுமா என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒரு நிரலை ஓட்டியதும் வெற்றுத் திரை வந்தால் நிரல் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இந்த அமைப்பை மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவுசெய்யலாம்.

1991-இன் எச்பி 95எல்எக்ஸ் எம்டிஏ வழியில் போனது. 80க்கு 25 நினைவகத்தில் இருக்கும். கண்ணுக்கு 40க்கு 16 தெரியும். எழுத்து மட்டும் காட்டும் நிரல்கள் ஓடும். சிஜிஏ படங்கள் வராது, ஏனெனில் அதன் 240க்கு 128 புள்ளித் திரைக்கும் சிஜிஏவுக்கும் உறவே கிடையாது. 1993-இன் 100எல்எக்ஸும் 1994-இன் 200எல்எக்ஸும்தான் இந்தச் சிக்கலை வேரோடு தீர்த்தன. அவற்றின் 640க்கு 200 புள்ளித் திரை அசல் சிஜிஏவே. நேராக எழுதினாலும் சரி, பயாஸைக் கேட்டாலும் சரி, 80 எழுத்தும் 25 வரியும் முழுசாகத் தெரியும். எழுத்து பொடியாக இருக்கிறதென்றால் எஃப்என் விசையோடு ஸ்பேஸை அழுத்துங்கள்: 64க்கு 18, 40க்கு 16 என்று பெரிதாகிக்கொண்டே போகும். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு இது பெரிய உபகாரம்.

மிச்சமிருப்பது நிறம். மேசைக் கணினியில் நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து அழகாக இருந்தது; இங்கே அது சாம்பல்மேல் சாம்பல். நிரலைத் தொடங்கும் முன் டாஸ் வரியில் மோட் கட்டளையைப் பிடபிள்யூ80 என்ற சொல்லோடு கொடுத்துவிடுங்கள். நிறம் இல்லாத 80 எழுத்துத் திரை வரும். நிரலுக்குள்ளேயே கறுப்பு வெள்ளை அமைப்பு இருந்தால் இன்னும் நல்லது. எம்எஸ் டாஸ் 5-இன் எடிட் நிரலுக்கு ஸ்லாஷ் பி கொடுத்தால் கறுப்பு வெள்ளை, ஸ்லாஷ் ஜி கொடுத்தால் சிஜிஏ திரையில் வேகமாக எழுதும். எடிட் தனியாக ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே வேலை செய்வது கியூபேசிக். அந்தக் கோப்பையும் கூடவே கொண்டுவர வேண்டும். கால் மெகாபைட் இடத்தை விழுங்கும் அந்த ஜோடியைவிட, சில கிலோபைட்டில் அடங்கும் சின்ன எடிட்டர் ஒன்றே இந்தக் கருவிகளுக்குப் பொருத்தம்.

எந்த நிரலைத் தேர்ந்தெடுப்பது

நிரலின் பெயரைவிட அது வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். 1990-க்கு முன் வெளியான டாஸ் நிரல், 8088 செயலிக்கு எழுதியது, வன்வட்டு இல்லாமலும் ஓடக்கூடியது என்றால் துணிந்து எடுக்கலாம். அந்தக் காலத்து நிரலாளர் 256 கிலோபைட் ராமையும் இரண்டு ஃப்ளாப்பியையும் மனத்தில் வைத்துத்தான் எழுதினார். கையடக்கக் கணினி என்பது கிட்டத்தட்ட அதே எந்திரம்தான்.

"286 தேவை" என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். 95எல்எக்ஸில் இருப்பது என்இசி வி20, 200எல்எக்ஸில் இருப்பது 80186 வகை. 286-இல் புதிதாக வந்ததாகப் பலர் நினைக்கும் கட்டளைகளில் சில உண்மையில் 186-லேயே வந்துவிட்டன. வி20-க்கும் அவை தெரியும். புரொடெக்டட் மோடு கேட்கும் நிரல் மட்டும் எந்த வழியிலும் ஓடாது. போர்ட்ஃபோலியோவின் 80சி88-க்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. டாஸ் 3 கேட்கும் நிரல்களும் அதில் பதிப்பைப் பார்த்ததுமே திரும்பிவிடும்.

விண்டோஸ் ஓடுமா என்று கேட்கிறவர்கள் அதிகம். 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-க்கு ரியல் மோடு இருந்தது, சிஜிஏ திரையும் தெரியும். அதனால் 200எல்எக்ஸில் அதை ஏற்றிவிட முடியும். 3.1-இல் ரியல் மோடை எடுத்துவிட்டார்கள், அதோடு கதை முடிந்தது. ஏற்றலாமே தவிர, மவுஸ் இல்லாமல் 200 வரித் திரையில் அதை வைத்து உருப்படியாக ஒரு வேலையும் நடக்காது. அந்த நேரத்தை லோட்டஸ் விரிதாளில் செலவிடுங்கள் என்பேன்.

லோட்டஸைத் தனியாக ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. 95எல்எக்ஸின் ரோமில் லோட்டஸ் 1-2-3-இன் 2.2 பதிப்பு, பின்வந்த இரண்டிலும் 2.4 பதிப்பு. பொம்மைப் பதிப்பு அல்ல, மேசையில் ஓடிய அதே நிரல். மேசைக் கணினியில் போட்ட டபிள்யூகே1 கோப்பை அட்டையில் நகலெடுத்து இங்கே திறந்தால் சூத்திரங்களும் மேக்ரோக்களும் அப்படியே வேலை செய்யும். எந்த மாற்றமும் செய்ய வேண்டாம். ரோமிலிருந்தே ஓடுவதால் ராமில் நிரலுக்கென்று பெரிதாக இடம் போகாது, உங்கள் தாளுக்கு இடம் கிடைக்கும். வெளியிலிருந்து நீங்கள் கொண்டுவரும் எந்த நிரலுக்கும் இந்த வசதி கிடையாது. அது முழுசாக ராமில் ஏறித்தான் ஓட வேண்டும்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது டர்போ பாஸ்கல் 3. எடிட்டர், கம்பைலர் எல்லாம் சேர்ந்து 40 கிலோபைட்டுக்கும் குறைவான ஒரே கோப்பு. போர்லாண்ட் பின்னாளில் தன் பழைய பதிப்புகள் சிலவற்றை இலவசமாகவே வெளியிட்டது, 3.02 அவற்றில் ஒன்று. போர்ட்ஃபோலியோவில் இதை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். கூடவே வரும் டின்ஸ்ட் நிரலை முதலில் மேசைக் கணினியில் ஓட்டுங்கள். திரை வகை கேட்கும் இடத்தில் கறுப்பு வெள்ளை, 40க்கு 25 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது வரிகள் பக்கவாட்டில் ஓடாது, மேலும் கீழும் நகர்ந்தால் போதும். பிறகு டர்போ கோப்பை மட்டும் கருவிக்கு மாற்றி ஓட்டுங்கள். பிழைச் செய்திகளையும் ஏற்றட்டுமா என்று அது கேட்கும். வேண்டாம் என்பதற்கு 'என்' (N) விசையை அழுத்துங்கள். பிழை வந்தால் விளக்கத்துக்குப் பதில் எண் மட்டும் வரும். ஆனால் 128 கிலோபைட் எந்திரத்தில் அந்த ஒன்றரை கிலோபைட் உங்கள் நிரலுக்குப் போய்ச் சேரும். எண்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைகள் எல்லாம் ஒற்றை எழுத்து: எடிட்டுக்கு இ, கம்பைலுக்கு சி, ஓட்ட ஆர். எட்டே வரி தெரியும் திரையில் இவ்வளவு சௌகரியமாக உட்காரும் இன்னொரு கம்பைலரை நான் பார்த்ததில்லை.

கொண்டுவந்து சேர்ப்பது

நிறுவும் நிரலைக் கையடக்கக் கருவியில் ஓட்டாதீர்கள். அது ஃப்ளாப்பியை ஏ டிரைவில் தேடும். எச்பி கருவிகளில் ஏ என்பது மெமரி அட்டை, சி என்பது ராமில் பிரித்த வட்டு, டி என்பது ரோம். மேசையில் நிறுவிவிட்டு ஃபோல்டரோடு நகலெடுப்பதுதான் வழி. பல நிரல்கள் தாங்கள் நிறுவப்பட்ட இடத்தை டிரைவ் எழுத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும் என்பது இதில் ஒரு தொல்லை. மேசையில் சி என்று நிறுவியதை அட்டையில் போட்டால் தன் கோப்புகளையே காணவில்லை என்று சொல்லும். இன்றைக்கு டாஸ்பாக்ஸ் இருப்பதால் இது எளிது. மௌன்ட் கட்டளையால் ஒரு ஃபோல்டரை ஏ டிரைவாகக் காட்டி, அதற்குள்ளேயே நிறுவி, அந்த ஃபோல்டரில் இருப்பதை அப்படியே அட்டைக்கு மாற்றுங்கள். பாதை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

100எல்எக்ஸ், 200எல்எக்ஸ் கருவிகளின் அட்டைக்கு, காம்பாக்ட்ஃபிளாஷும் பிசிஎம்சிஐஏ அடாப்டரும் போதும். குறைந்த கொள்ளளவுள்ள பழைய அட்டையைத் தேடிப் பிடியுங்கள். ஃபேட்16 முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டும். ஃபேட்32 என்றால் என்னவென்றே டாஸ் 5-க்குத் தெரியாது. கோப்புப் பெயர் எட்டு எழுத்து, பின்னொட்டு மூன்று எழுத்து. அட்டை ஒத்துவராவிட்டால் சீரியல் கேபிளும் எக்ஸ்மோடமும் இருக்கவே இருக்கின்றன, மெதுவானாலும் ஏமாற்றாது.

இடம் பற்றாவிட்டால் நிரல் கோப்பையே சுருக்கலாம். பிகேலைட்டும் எல்இசட்இஎக்ஸ்இயும் இதற்கென்றே வந்தவை. சுருக்கிய நிரல் வட்டில் குறைந்த இடம் பிடிக்கும், ஓட்டும்போது ராமில் தானே விரிந்துகொள்ளும். எல்இசட்இஎக்ஸ்இயை 1989-இல் எழுதிய ஃபாப்ரிஸ் பெல்லார்டுக்கு அப்போது பதினேழு வயது. பின்னாளில் கியூஈஎம்யு என்ற எமுலேட்டரைத் தொடங்கியவரும் அவரே. ஒரு எந்திரத்தின் நிரலை இன்னொன்றுக்குள் ஓட வைக்கும் கலை அவர் கையில் எவ்வளவு தூரம் போனது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

ராமைப் பிரிக்கும்போது நிதானம் தேவை. 200எல்எக்ஸின் செட்டப்பில் சி வட்டுக்கு எவ்வளவு, நிரல்கள் ஓட எவ்வளவு என்று நீங்களே வைக்கலாம். நிரல்களுக்கு அதிகபட்சம் வழக்கமான 640 கிலோபைட் எல்லை. போர்ட்ஃபோலியோவில் இந்த வேலையை எஃப்டிஸ்க் செய்கிறது. அதை ஓட்டினால் சி வட்டில் இருப்பது அழிந்துபோகும், ஆகவே முதலில் நகல், அப்புறம் எஃப்டிஸ்க். எச்பியில் பெரிய நிரல் "நினைவகம் போதவில்லை" என்று அடம்பிடித்தால், கருவியின் உள்நிரல்களை நடத்தும் சிஸ்டம் மேனேஜர் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் முடித்துவைக்கும் டெர்மினேட் ஆல் கட்டளையைக் கொடுத்து வெறும் டாஸ் வரிக்குப் போய் ஓட்டுங்கள். திரும்பி வர 200 என்று தட்டினால் போதும்.

பேட்டரியைப் பற்றி மேசை நிரலுக்கு ஒரு கவலையும் கிடையாது. விசைக்காகக் காத்திருக்கும்போது பயாஸிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும் நிரலென்றால் செயலி இடையிடையே ஓய்வெடுக்கும். "வந்ததா, வந்ததா" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் நிரலென்றால் செயலிக்கு ஓய்வே இல்லை. இரண்டு டபுள் ஏ பேட்டரியில் வாரக்கணக்கில் வரும் கருவி, அப்படிப்பட்ட நிரலை மேசையில் திறந்து வைத்துவிட்டுப் போனால் சீக்கிரமே சோர்ந்துவிடும். வேலை முடிந்ததும் நிரலை மூடுங்கள். பேட்டரி தளர்ந்திருக்கும்போது ஃபிளாஷ் அட்டையில் எழுதாதீர்கள். 200எல்எக்ஸ் தனக்குள்ளேயே ரீசார்ஜ் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். சாதாரண ஆல்கலைன் போட்டிருந்தால் செட்டப்பில் பேட்டரி வகையை ஆல்கலைன் என்று மாற்றாமல் அடாப்டரைச் செருகக் கூடாது. பேட்டரி மாற்றும்போது டபுள் ஏ இரண்டையும் சின்ன வட்டப் பேட்டரியையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தால் சி வட்டு காலி.

மறுதிசை

கையடக்கக் கருவியின் நிரலை மேசையில் ஓட்ட இரண்டு காரணங்கள் உண்டு. பெரிய விசைப்பலகையில் தகவல்களை ஏற்றுவது ஒன்று. கருவி பழுதான பிறகு அதிலிருந்த முகவரிகளையும் குறிப்புகளையும் மீட்பது இன்னொன்று. இன்றைக்கு இரண்டாவதற்குத்தான் தேவை அதிகம்.

எச்பி இதை அருமையாகச் செய்தது. 100எல்எக்ஸ், 200எல்எக்ஸ் கருவிகளுக்காக அது விற்ற கனெக்டிவிட்டி பேக்கில், கருவியில் உள்ள முகவரிப் புத்தகம், நாட்குறிப்பு, நோட்டேக்கர், டேட்டாபேஸ் முதலியவை மேசைக் கணினிக்கான டாஸ் நிரல்களாகவே இருந்தன. இது எமுலேஷன் அல்ல. இரண்டும் ஒரே குடும்பச் செயலி, ஒரே டாஸ் என்பதால் அதே நிரலை மேசைக்கும் கொடுத்துவிட்டார்கள். திரை, மெனு, விசைகள் எல்லாம் கருவியில் இருப்பதைப் போலவே. இன்றைய கணினியில் டாஸ்பாக்ஸுக்குள் வைத்து அதை ஓட்டிக்கொள்ளலாம்.

சையான் சீரிஸ் 3ஏ வேறு பாடம் சொல்கிறது. 1993-இல் வந்த அதன் உள்ளே இருப்பது என்இசி வி30எச். 8086 நிரல்களை ஓட்டத் தெரிந்த செயலிதான். ஆனாலும் டாஸ் நிரல் ஒன்றுகூட அதில் நேராக ஓடாது. ஏனெனில் அது ஓட்டுவது ஈபாக் என்ற சொந்த இயங்குதளம். டாஸும் இல்லை, பிசி பயாஸும் இல்லை. செயலி ஒன்றாக இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. மறுதிசையில் மட்டும் அந்த உறவு கைகொடுத்தது: சையான் வெளியிட்ட 3ஏ எமுலேட்டர், டாஸில் ஓடும் சாதாரண நிரல். ஓபிஎல் மொழியில் எழுதுகிறவர்கள் மேசையிலேயே எழுதிச் சோதித்துவிட்டுக் கருவிக்கு மாற்றுவார்கள். இதுவும் டாஸ்பாக்ஸில் ஓடுகிறது.

கோப்புகளை மீட்கும்போது பின்னொட்டை நம்பாதீர்கள். எச்பியின் முகவரிக் கோப்புக்கும் பாமின் தரவுக் கோப்புக்கும் ஒரே பிடிபி பின்னொட்டு. உள்ளே இருப்பது முற்றிலும் வேறு. சையானின் டேட்டா கோப்பு டிபிஎஃப் என்று முடியும். டிபேஸ் நிரலில் திறந்தால் குப்பைதான் வரும். எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று ஃபோல்டர் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

பாம் பைலட்டின் நிலைமை வேறு. 1996-இல் வந்த அந்தக் கருவியில் இருந்தது 16 மெகாஹெர்ட்ஸ் டிராகன்பால். மோட்டோரோலா 68000 குடும்பம். மேசைக் கணினியோடு சொந்தமே இல்லை, ஆகவே இங்கே முழு எமுலேஷன்தான் வழி. கிரெக் ஹியூகில் கோபைலட் என்ற எமுலேட்டரை எழுதினார். பாம் நிறுவனம் அதை எடுத்து வளர்த்துப் பாம் ஓஎஸ் எமுலேட்டராக்கியது. அதை இறக்கி ஓட்டினால் முதலில் அது கேட்பது ரோம் கோப்பு. அது இல்லாமல் ஒரு புள்ளிகூடத் திரையில் வராது. எமுலேட்டரோடு வரும் சின்ன மாற்று நிரலைக் கருவியில் ஏற்றி, தொட்டிலில் வைத்து, சீரியல் கேபிள் வழியாக ரோமை இறக்கிக்கொள்ள வேண்டும். அது உங்கள் சொந்தக் கருவியின் ரோமாக இருக்கட்டும். கருவி உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். திரை போன பிறகு பட்டன்களைக் கண்ணால் பார்க்காமல் அழுத்தி ரோம் இறக்குவது பெரும் பாடு. இன்றைய கணினியில் பழைய எமுலேட்டர் முரண்டுபிடித்தால், அதன் வழியில் வந்த கிளவுட்பைலட் பிரவுசரிலேயே ஓடுகிறது.

பாம் எமுலேட்டரில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் கிரெம்லின்ஸ். அதை முடுக்கிவிட்டால் திரையில் கண்ட இடத்தைத் தொடும், கண்டதை எழுதும், எந்தப் பட்டனையும் விடாது. ஆயிரக்கணக்கான தொடுதல்களுக்குப் பிறகும் உங்கள் நிரல் நின்றால் அது உறுதியானது. நிரல் வன்பொருள் முகவரிகளை நேராகத் தொட்டாலும் எமுலேட்டர் உடனே எச்சரிக்கும். டாஸ் நிரலாளர்கள் பி800-இல் நேராக எழுதிப் பழகியதன் விலையை முதல் பகுதியில் பார்த்தோம். பாம் அதற்கு ஆரம்பத்திலேயே அணை போட்டது. அந்தக் கண்டிப்பின் பலன் 2002-இல் தெரிந்தது. பாம் ஓஎஸ் 5 ஏஆர்எம் செயலிக்கு மாறியபோது, பேஸ் என்ற இடைத்தளம் பழைய 68000 நிரல்களைக் கருவிக்குள்ளேயே எமுலேட் செய்தது. ஒழுங்காக எழுதியவை ஒரு மாற்றமும் இல்லாமல் ஓடின.

ஓஎஸ் 5-க்கு எமுலேட்டரைப் பயன்படுத்த முடியாது, சிமுலேட்டர் என்ற வேறொன்று வேண்டும். விண்டோஸுக்காகவே தொகுத்த பாம் ஓஎஸ் அது. பழைய 68000 நிரல்கள் அதில் ஓடும். வேகத்துக்காக ஏஆர்எம் துண்டுகளைச் சேர்த்த நிரலென்றால், அந்தத் துண்டை விண்டோஸ் டிஎல்எல்லாக மறுபடி தொகுத்துக் கொடுக்க வேண்டும். மூல நிரல் கையில் இல்லாவிட்டால் அப்படிப்பட்ட நிரலுக்குக் கருவியேதான் வேண்டும்.